குழவிக்கல் காவல் காத்த தோட்டம்

நேற்று மத்தியானம் நம் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தீர்கள். நம் பள்ளிக்கூடத்தின் பின்பக்க சிமென்ட் தரையில், வெட்டிய தண்ணீர் கேன்களிலும் பழைய பெயின்ட் டப்பாக்களிலும் கீரையும் தக்காளியும் நிற்கின்றன. அதற்குப் பின்னால் ரிப்பன் கட்டிய பிள்ளைகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கீழே, "நம் பள்ளியில் முதன்முறையாக மாணவியர் தோட்டம்" என்று ஒரு வரி. நீங்கள் எல்லாரும் கைதட்டலும் பூங்கொத்தும் அனுப்பியிருந்தீர்கள். நானும் ஒரு கைதட்டல் அனுப்பினேன். அனுப்பிவிட்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். முதன்முறையாகவா? ஏண்டி, ஐம்பது வயது ஆவதற்குள் உங்களுக்கெல்லாம் மறதி வந்துவிட்டதா?

அந்த சிமென்டுக்கு அடியில் ஒரு தோட்டம் இருந்தது. நாம் போட்டது. நம் ஏழாம் வகுப்பு போட்டது. யாரும் எழுதமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து எழுத வராது. ஒரு பத்தி எழுதினால் எழுந்து போய் மோட்டார் போடுவேன், அடுத்த பத்திக்கு முன்னால் அதை அணைக்க ஓடுவேன். கோர்வையாக இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் இப்படி இல்லை, உங்களுக்கே தெரியும். முதல் பெஞ்சு, முதல் ரேங்க், எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை. கட்டிய கையை மணி அடித்தால்தான் பிரிப்பேன். இந்தப் பரபரப்பு எனக்கு அந்தக் கடைசி பெஞ்சுக்காரியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவளை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று தெரியாது. அம்மா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் கூட அங்கே பலகையில் உட்கார்ந்து, சட்னி காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிடுவார்கள். மாவுக்காரம்மா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மகளால் மட்டும் உட்கார முடியாது. பென்சில் சீவ எழுந்திருப்பாள். சீவிய தூளைப் போட எழுந்திருப்பாள். தண்ணீர் என்பாள், ஜன்னலில் அணில் என்பாள். எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்காவிட்டால் பெஞ்சுக்கு அடியில் இரண்டு காலையும் ஆட்டுவாள், அந்த வரிசையே கிடுகிடுவென்று ஆடும். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கையெழுத்து அந்த வருஷம் முழுக்கக் கோழி கிளறியது போல இருந்தது. கணக்கு டீச்சர் ஸ்கேலால் முட்டியில் அடிப்பார். அடித்த இடத்தைத் தேய்க்கவும் அவள் எழுந்திருப்பாள்.

பெரிய டீச்சர் அவள் அம்மாவை வரச்சொன்னார். தலைமையாசிரியையை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். அறைக்கு வெளியே நோட்டுக் கட்டோடு நின்றிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன்மா. அதுக்குள்ள அடங்கி உக்காரலன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க."

"வேற ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேங்கறாங்க டீச்சரம்மா. நல்லா படிப்பா. காலு மட்டுந்தான் சொன்ன பேச்சு கேக்காது."

"காலுக்கு நான் பாடம் நடத்த முடியுமா?"

அடுத்த நாளே விளையாட்டு நேரத்தில் பி.டி. மாஸ்டர் அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். கழுத்தில் விசில், கையில் குச்சி, எப்போதும் வெயிலில் நின்று சிவந்த கண். "உக்காரத்தானே முடியல உனக்கு? குனிஞ்சு பொறுக்கு" என்று பின்பக்கத்தைக் காட்டினார். புதுக் கட்டடம் கட்டியபோது மிச்சமானதையெல்லாம் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். உடைந்த செங்கல், கெட்டியாகிப்போன சிமென்ட் மூட்டை, கம்பித் துண்டு, கண்ணாடி. எருக்கஞ்செடி ஒன்றுதான் அங்கே முளைக்கத் துணிந்திருந்தது.

அவள் பொறுக்கினாள். தினமும் பொறுக்கினாள். தண்டனை என்பதையே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து தேய்ந்துபோன தோசைக் கரண்டி ஒன்றைப் பாவாடையில் செருகிக்கொண்டு வந்து அதால் தோண்டுவாள். வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் முதுகும், அந்தக் கரண்டியின் பளபளப்பும் தெரியும். ஒருநாள் உள்ளே ஓடிவந்து என் புத்தகத்தின் மேலேயே ஒரு பிடி மண்ணை வைத்தாள். ஈரமாக, கறுப்பாக, மழைக்கு முந்தின வாசனையோடு இருந்தது.

"அடியில மண்ணு இருக்குதுடி" என்றாள். புதையல் எடுத்தவள் கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமில்லை. முதல் ரேங்க்காரிக்கு மண்ணைத் தொட அனுமதி கிடையாது. மறுநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. டீச்சர் நம்பவே இல்லை. "உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று உட்காரச் சொல்லிவிட்டார். என்னைத் தண்டிக்க வைப்பதற்கு நான் மூன்று நாள் பாடுபட வேண்டியிருந்தது. அதற்குள் நம்மில் பாதிப் பேர் பின்பக்கம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். மாஸ்டர் குழம்பிப்போனார். எட்டாம் வகுப்பு மைதானத்தில் கபடி ஆட, ஏழாம் வகுப்பு மொத்தமும் தண்டனைக்கு வரிசையில் நின்றது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். நமக்கு ஆடி போய், ஆவணியும் பாதி போயிருந்தது. கடைசி பெஞ்சுக்காரி கீழ்பென்னாத்தூர் மாமா வீட்டிலிருந்து விதைக் கடலையும் வெண்டை விதையும் கொண்டுவந்தாள். பால்காரர் மகள் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவாள். அவள் பழைய பால் கேனில் சாணம் கொண்டுவந்து, மணி அடிக்கும்வரை அதை வகுப்புக்குள்ளேயே வைத்திருந்தாள். வரலாறு டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே ஒரு பாடம் முழுக்க நடத்தினாரே, அது அந்தக் கேனால்தான்.

எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெரு. மண் என்று எதுவும் கிடையாது, சாணத்துக்கு எங்கே போவது? ஆனால் தெருமுனையில் தினமும் காலையில் கோயில் மாலைகள் மலைபோலக் குவிந்து கிடக்கும். நேற்றைய சாமந்தி, கசங்கின மரிக்கொழுந்து, வாடின ரோஜா. அதை ஒரு துணிப்பையில் அடைத்துக்கொண்டு போனேன். எருவாகட்டும் என்று குழியில் போட்டோம். நார் மக்கவில்லை. ஆனால் முதல் மழைக்குப் பிறகு குழியிலிருந்து துலுக்கச் சாமந்தி தானாகவே முளைத்துவந்தது. நாம் விதைத்ததை விட, விதைக்காததுதான் முதலில் பூத்தது.

தண்ணீர் ஏது? குழாயில் வரும் தண்ணீர் குடிக்கவே போதாது. மத்தியானம் சாப்பிட்டதும் எல்லாரும் பாத்திகளின் மேலேயே டிபன் பாக்ஸைக் கழுவினோம். கடலைச் செடிக்கு ரசம், வெண்டைக்கு மோர். எறும்பு வந்தது, எறும்பைத் தேடி ஓணான் வந்தது, ஒருநாள் ஒரு மீன்கொத்தி வந்து மதில்மேல் உட்கார்ந்து ஏமாந்து போனது. சோறும் ஈர மண்ணும் சாணமும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் சில சமயம் பாத்திரம் கழுவும் தொட்டியில் வந்து போகிறது. உடனே எனக்குக் கால் தரிக்காது.

கடைசி பெஞ்சுக்காரி அப்போதும் வகுப்பில் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எங்கே போக வேண்டும் என்று ஆடும் காலுக்கு இப்போது தெரிந்திருந்தது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் "தோட்டம் பாத்துட்டு வரேன் டீச்சர்" என்று ஓடுவாள். திரும்பி வந்தால் அடுத்த அரை மணி நேரம் அவள் படிப்பதைப் போல இங்கே யாரும் படித்ததில்லை. மாதப் பரீட்சையில் அறிவியலில் எனக்கு இரண்டு மதிப்பெண் பின்னால் வந்து நின்றாள். எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், பெரிய டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நிர்வாகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு வெண்டை, தரையை மூடின கடலை, ஓரம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் சாமந்தி. அவர் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யாரு பண்ணது இது?"

"நாந்தான் டீச்சர், பசங்களை வெச்சு" என்றார் பி.டி. மாஸ்டர்.

நிர்வாகத்துக்காரர்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். அவர்கள் போன பிறகு பெரிய டீச்சர், தோசைக் கரண்டியோடு மூலையில் நின்றவளைக் கூப்பிட்டார். அவருக்கும் விஷயம் தெரியும்போல. அவள் கன்னத்தைத் தட்டி, "சரி. இந்தத் தோட்டம் நல்லா இருக்கிற வரைக்கும் நீயும் இங்க இரு. தோட்டம் போச்சுன்னா உன் டி.சி.யும் ரெடி, என்ன?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்று நினைத்திருப்பார். நானும் இன்று நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், இப்படி நாலு வார்த்தை வாயில் வந்துவிடுகிறது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அது வெறும் வெண்டைச் செடி இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கக் கிடைத்த அனுமதி.

அப்புறம் கார்த்திகை வந்தது.

தீபம் வந்தால் நம் திருவண்ணாமலை என்ன ஆகும் என்று வெளியூரில் இருக்கிறவர்களுக்குக் கூட ஞாபகம் இருக்கும். கொடி ஏறின நாளிலிருந்து தெருவில் தரை தெரியாது. சவுக்குக் கம்பு கட்டுகிற சத்தம், ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளின் பெயர்கள், எங்கே பார்த்தாலும் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஜனம். நமக்கு லீவு விட்டுவிடுவார்கள், நம் வகுப்புகளில் வெளியூர் பக்தர்கள் தங்குவார்கள். அந்த வருஷம் அசெம்பிளியில் மாஸ்டர் அறிவித்தார்: "ரூமுங்க பத்தாது. பின்பக்கமும் திறந்து விடறோம். உங்க சாமானெல்லாம் எடுத்துக்கங்க."

தோட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வது? அவள் நேராகப் பின்பக்கம் ஓடினாள். அன்றைக்கே முள் வெட்டிக்கொண்டு வந்து சுற்றி வேலி போட்டாள். சாயங்காலமே மாஸ்டர் பிடுங்கிப் போட்டார். "சாமி கும்பிட வரவங்க வெறுங்காலோட வருவாங்க. குத்தினா யாரு பதில் சொல்றது?" கயிறு கட்டினோம். கயிற்றை யாரோ துணி காயப்போட அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

பால்காரர் மகள், அவள், நான், மூன்று பேரும் குழாயடியில் உட்கார்ந்தோம். அவள் உட்காரவில்லை, நின்றாள்.

"மனுசங்க எதை மிதிக்க மாட்டாங்க?" என்றாள்.

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் ரேங்க் வேண்டியதில்லை. அசுத்தம் பண்ணுகிற சுவரில் சாமி படம் போட்ட ஓடு பதித்தால் அடுத்த நாளே அந்த இடம் சுத்தமாகிவிடும். மரத்தடியில் ஒரு கல்லுக்குத் திருநீறு பூசினால் லாரி கூட ஒதுங்கிப் போகும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

கல்லும் அவளே சொன்னாள். அவள் அம்மாவின் ஆட்டுக்கல் குழவி. தீப நாட்களில் இட்லிக்குக் கையால் ஆட்டி மாளாது என்று மாவுக்காரம்மா அரிசியை மிஷினுக்குக் கொடுத்து அரைத்துக்கொள்வார். கூட்டம் வடியும்வரை குழவி சும்மாதான் கிடக்கும். மாவு ஆட்டி ஆட்டி வழுவழுவென்று, கறுப்பாக, உச்சி ஒடுங்கி உருண்டு, பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் லிங்கம் என்றுதான் சொல்வார்கள். கோணிப்பையில் சுற்றிப் பால்காரர் சைக்கிளின் பின்னால் கட்டினோம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருத்தி தள்ளினாள். வழியில் ஒரு போலீஸ்காரர் என்ன என்று கேட்டார். "மாவாட்டற கல்லுங்க சார்" என்றோம். அது அப்போது உண்மைதான்.

தோட்டத்துக்கு நடுவில், வெண்டைக்கும் கடலைக்கும் இடையே அதை நட்டோம். மரப்பிடியைத் தட்டிக் கழற்றினாள். உச்சியில் தெரிந்த துளையை மறைக்க ஒரு சாமந்தியைச் செருகினோம். பட்டை பட்டையாகத் திருநீறு பூசினது நான். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே லேசாகப் பயம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

யாரும் மிதிக்கமாட்டார்கள் என்பது வரைக்கும் சரியாகத்தான் யோசித்திருந்தோம்.

தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது, எங்கள் மாடியில் நான் எதிர்ப்பக்கம், பள்ளிக்கூடத்துத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் தலையைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பினார். மறுநாள் காலை, வீட்டில் எல்லாரும் அசந்து கிடந்த நேரத்தில் பள்ளிக்கு ஓடினேன்.

பின்பக்கத்தில் கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்லைக் கண்டால் நம் ஊருக்கு வந்தவர்கள் மிதிக்கமாட்டார்கள். சுற்றுவார்கள். மலையையே சுற்ற வந்தவர்கள், தோட்டத்தைச் சுற்றுவதற்கு என்ன? இதை மறந்துவிட்டு மூன்று திருவண்ணாமலைப் பிள்ளைகள் திட்டம் போட்டோம் பாருங்கள். கல்லிலிருந்து நாலடி தள்ளி வட்டமாக ஒரு பாதை விழுந்திருந்தது. கடலைச் செடி இருந்த இடம் களம் மெழுகினது போல இறுகிக் கிடந்தது. ஓரத்துச் சாமந்தி ஒன்று விடாமல் கல்லின் தலையில் இருந்தது. வெண்டைக்கு நடுவே அகல் விளக்குகள், கருகின இலை, எண்ணெய், மஞ்சள் தண்ணீர், தேங்காய்ச் சிரட்டை. யாரோ ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்தார் நம் பி.டி. மாஸ்டர். நாம் கல் பொறுக்கின இடத்தில் லீவு விடும்வரை எந்த லிங்கமும் இல்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும், "இன்னா வேடிக்க பாக்கற? சுத்திட்டுப் போ" என்றார்.

கடைசி பெஞ்சுக்காரி எனக்கு முன்பே வந்திருந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜனங்களை மறித்தாள். "சுத்தாதீங்க. செடி போவுது. அது சாமி இல்லீங்க, எங்கம்மா மாவாட்டற கல்லு."

ஓர் அம்மாள் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்னால் வருகிறவர்களிடம் திரும்பி, "மாவாட்டற கல்லுல வந்து உக்காந்துட்டாராம், கேட்டீங்களா" என்றார். அது வரிசை நெடுக ஓடியது. வெளியே தெருவுக்கும் போனது. அவள் கத்தக் கத்தக் கூட்டம் ஏறியது. ஒரு கட்டத்தில் அவள் கையை இறக்கிவிட்டாள். என் பக்கத்தில் வந்து நின்று, "நம்மளே கூப்ட்டுட்டோம்டி" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறந்த அன்று, பின் கேட்டுக்கு வெளியே இன்னும் ஆட்கள் தேங்காயோடு நின்றிருந்தார்கள். இது பள்ளிக்கூடமா கோயிலா என்று நிர்வாகத்தில் கேட்டிருந்தார்கள். கல்லை உடனே எடுக்கச் சொல்லி உத்தரவு. மாஸ்டரை எடுக்கச் சொன்னார் பெரிய டீச்சர். அவர் கல் வரைக்கும் போனார், கும்பிட்டார், திரும்பி வந்தார். "எம் பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம் டீச்சர். என்னை விட்டுடுங்க." வாட்ச்மேனுக்கு அன்று பார்த்து வயிற்றுவலி. வெளியிலிருந்து வந்த கொத்தனார், "பூசாரிய வெச்சு ஏதாவது பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டார். பெரிய டீச்சரும் தன் கையை நீட்டவில்லை.

எங்கள் மூன்று பேரையும் அறைக்குள் நிறுத்தினார்கள். மேசைமேல் டி.சி. எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு இருந்தது.

"மூணு பேரும்தான் டீச்சர் வெச்சோம்" என்றேன். "திருநீறு பூசினது நான்."

"நீ சும்மா இரு. நல்லா படிக்கிற பொண்ணு, இவளுக்காகப் பொய் சொல்லாத."

"சைக்கிளு எங்களுது டீச்சர்" என்றாள் பால்காரர் மகள்.

"உன்னையும் கெடுத்து வெச்சிருக்கா."

உண்மையைச் சொன்னால் பெரியவர்கள் நம்புவார்கள் என்று எனக்கு அதுவரை ஒரு எண்ணம் இருந்தது.

அந்த நேரத்தில் மாவுக்காரம்மா உள்ளே வந்தார். குழவி இங்கே இருப்பதை முந்தின நாள்தான் மகள் சொல்லியிருக்கிறாள். "எங்க டீச்சரம்மா என் குழவி? அரிசி ஊறப் போட்டுட்டேன். மாவு ஆட்டணும்."

பெரிய டீச்சருக்கு உயிர் வந்தது. "நல்லவேளை வந்தீங்க. உங்க கல்லு, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

மாவுக்காரம்மா மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதைப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, அது என்னவென்று தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுக்கறேன். அந்தச் சீட்டை மொதல்ல கிழிங்க."

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

"ஒண்ணுதான் டீச்சரம்மா. பொண்ணு இங்க இருந்தா கல்லு வூட்டுக்கு வரும். பொண்ணை வூட்டுக்கு அனுப்பிட்டீங்கன்னா கல்லு இங்கயே இருக்கட்டும். நான் மிஷின்லயே அரைச்சுக்கறேன்."

வெளியே யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் காகிதத்தை நாலாகக் கிழித்தார்.

மாவுக்காரம்மா கல்லைத் தூக்கினதைப் பார்க்க வகுப்புகள் எல்லாம் ஜன்னலில் தொங்கின. குனிவதற்கு முன்னால் அவரும் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அசைத்து அசைத்துப் பிடுங்கி, குழாயடிக்குக் கொண்டுபோய்த் திருநீறும் எண்ணெயும் போகத் தேய்த்துக் கழுவினார். பிள்ளையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டார். கேட்டில் ஒரு பெரியவர் மறித்தார்.

"சாமிய எங்கம்மா தூக்கிக்கினு போற?"

"எங்க வூட்டுக்குத்தாங்க. தீபத்துக்கு வந்துச்சு, திரும்புது" என்றார் மாவுக்காரம்மா. பெரியவர் வழிவிட்டார்.

அன்றைக்கு நாம் எல்லாரும் ஜெயித்துவிட்டதாகக் குதித்தோம். மறுபடியும் தோண்டிவிடலாம், தையில் போட ஏதாவது விதை இல்லாமலா போகும் என்று பேசினோம். அடுத்த வாரமே ஜல்லி வந்து இறங்கியது. மண் இருந்தால்தானே கல் நடுவீர்கள் என்று நிர்வாகத்தில் முடிவு எடுத்துவிட்டார்கள். கொத்தனார் கரணையால் பூசுகிற சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. எஞ்சியிருந்த வெண்டைச் செடிகளையும் பிடுங்கி மதிலோரம் போட்டிருந்தார்கள். தோசைக் கரண்டியையும் அந்தக் குவியலோடு வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும், நான் தேடினபோது கிடைக்கவில்லை.

அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள், என் பக்கத்தில், கண்முன்னாலேயே இருக்கட்டும் என்று. அவள் உட்கார்ந்தாள். பென்சிலைச் சீவ எழுந்திருக்கவில்லை. மொட்டைப் பென்சிலாலேயே எழுதினாள். ஜன்னலில் அணில் வந்தது, பார்க்கவில்லை. கணக்கு டீச்சர் ஸ்கேலை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடம் நடத்தினார். "எல்லாரும் இவளைப் பாத்துக் கத்துக்கங்க" என்று கூடச் சொன்னார். நான் பெஞ்சுக்கு அடியில் அவள் காலை மிதித்துப் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது வந்த பயம், கல்லுக்குத் திருநீறு பூசினபோது வந்த பயத்தைப் போல இல்லை, இது போகவே இல்லை. யாரிடம் சொல்வது? அவள் அடங்கி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு டீச்சரிடம் போய்ப் புகார் சொல்ல முடியுமா?

அரைப் பரீட்சை மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட அம்மாக்கள் வந்த நாள். பெரிய டீச்சர் மாவுக்காரம்மாவை நம் வகுப்புக்கே அழைத்துவந்தார், பெருமையாக.

"பாருங்க. ஒரு மாசமா ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. வெச்ச இடத்துல இருக்கா."

மாவுக்காரம்மா மகளைப் பார்த்தார். மகள் கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கழுத்தில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"வூட்டுலயும் வந்தா படுத்தே கெடக்குது. படிச்சு அசந்துட்டாளோன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. பிறகு பெரிய டீச்சரிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. "இன்னா பண்ணீங்க டீச்சரம்மா எம் பொண்ணை?"

பெரிய டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நல்லா இருக்காம்மா. இங்க இருக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"நான்தான் கேட்டேன்" என்றார் மாவுக்காரம்மா. "அன்னிக்குக் கிழிச்சீங்களே, அதை இன்னொரு வாட்டி எழுதிக் குடுத்துடுங்க. கீழ்பென்னாத்தூர்ல எங்கண்ணன் இருக்காரு. அங்க எதுனா ஒரு ஸ்கூல்ல கெஞ்சிக் கேட்டுச் சேத்துக்கறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். டவுன் பள்ளிக்கூடம், நல்ல மதிப்பெண், இப்போதுதான் திருந்தியிருக்கிறாள். மாவுக்காரம்மா அறை வாசலிலேயே நின்று காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

நம் வகுப்புக் கதவு வழியாகப் பார்த்தால் மைதானமும், அதைத் தாண்டிப் பெரிய கேட்டும் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகத்தான் போனாள், பாதி மைதானம் வரைக்கும். அங்கே ஒரு கணம் நின்றாள். எதற்கு நின்றாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அம்மா கையை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தாள். பை முதுகில் குதிக்க, ரிப்பன் அவிழ்ந்து பறக்க, கேட்டைத் தாண்டித் தெருவுக்குள் ஓடினாள். அவள் அம்மாவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டா" என்றார் நம் வகுப்பு வாசலுக்கு வந்து நின்ற பெரிய டீச்சர், நம்மைப் பார்த்து.

நாம் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.